வைத்தியரிடம் மறைத்த மாத்திரை

வாப்பாவின் கண்ணிமைகளில் மஞ்சளாகச் சின்னச் சின்னத் தடிப்புகள் இருந்தன. கீழக்கரையில் அதை யாரும் நோயாக நினைக்கவில்லை. நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுபோனபோதுதான், இரத்தத்தில் கொழுப்பு ஏறியதன் அடையாளம் அது என்று டாக்டர் சொன்னார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். ஈரல் கொழுப்பை இரத்தத்தில் விடுவதைக் குறைக்கும் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டபின் வேளைக்கு ஒன்று. முகம் சிவந்து எரியும், பயப்பட வேண்டாம், போகப்போக அடங்கும். ஆனால் மாதம் ஒருமுறை வந்து ஈரலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் நான் தாய்வீட்டில்தான் இருந்தேன். மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. விழுங்கிய சற்று நேரத்தில் வாப்பாவின் முகமும் கழுத்தும் சிவக்கும். "மருந்து வேலை செய்யுது புள்ள" என்பார். மூன்றாம் மாதம் சிவப்பு நின்றது. டாக்டர் சொன்னதை மறந்து, மருந்துக்கு வீரியம் போய்விட்டதென்று நாங்களே முடிவு கட்டினோம். எட்டாவது படித்த மேதாவி நான், ஒன்றை இரண்டாக்கினேன், பிறகு மூன்றாக்கினேன். முகம் மறுபடி சிவந்தது. சந்தோஷத்தில் மதுரைப் பயணத்தையும் தள்ளிப்போட்டோம்.

ஒரு காலையில் அவர் கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது. காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துக் கிராமத்து வைத்தியரை வரவழைத்தோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டே கேட்டார்: "இங்கிலீஷ் மாத்திரை எதுவும் சாப்புடுறாகளா? பத்தியம் முடியுற வரைக்கும் அதத் தொடக் கூடாது."

மாத்திரையை நிறுத்தினால் வாப்பாவின் நெஞ்சு நின்றுவிடும் என்று பயந்தேன். "இல்லைங்கய்யா" என்றேன்.

உப்பில்லாக் கஞ்சி, கீழாநெல்லி. வைத்தியர் தலை மறைந்ததும் மூன்று மாத்திரைகள். வாப்பாவுக்குக் குமட்டும். "வேணாம்மா" என்று முகத்தைத் திருப்புவார். ஏசி ஏசி விழுங்கவைத்தேன். நொந்துபோன ஈரல்மேல் என் கையாலேயே நஞ்சை ஏற்றியிருக்கிறேன்.

பத்தாம் நாள் நினைவு தப்பியது. மதுரை ஆஸ்பத்திரியில் மௌத்தானார். எத்தனை மாத்திரை கொடுத்தேன் என்று டாக்டர் கேட்டார். வேளைக்கு மூன்று, கடைசிவரைக்கும் என்றேன். "கண்ணு மஞ்சளான அன்னைக்கே நிறுத்தியிருந்தா ஈரல் தேறியிருக்கும்மா" என்றார்.

மூன்றாம் நாள் வைத்தியர் துக்கம் கேட்க வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் மருந்து பலிக்கலம்மா. என்னை மன்னிச்சிருங்க. இனிமே காமாலைக்கு நான் கைவைக்க மாட்டேன்" என்று கும்பிட்டார்.

மாத்திரை விஷயத்தைச் சொல்லாமலே அவரைப் போக விட்டேன்.