இடப்பக்கம் நசுங்கிய கார்

பிள்ளைகளின் வயதை அந்நியரிடம் சொன்னால் ஆயுள் குறையும் என்று எங்கள் குடும்பத்தில் நம்பினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கோபிசெட்டிபாளையத்து வீட்டுக்குக் கார் வந்த புதிதில், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் வந்தார்.

"இளவட்டங்க ஓட்டுனா கட்டணம் அதிகமுங்க. ஓட்டறவங்க எல்லார் வயசையும் சொல்லுங்க" என்றார்.

என் தந்தையாருக்கு உடனே சந்தேகம் எழுந்தது. "எம்பையன் வயசு உங்களுக்கு எதுக்குங்க? டிரைவர் கருப்பண்ணனைத் தவிர இந்த ஊட்டுல ஆரும் வண்டியத் தொட மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உண்மையில் பெரும்பாலும் என் தம்பியே ஓட்டினான். ஒரு நாள் வெள்ளகோவிலிலிருந்து திரும்புகையில், முன்னே சென்ற பஸ்ஸை இடப்புறமாக முந்தப் பார்த்தான்.

"மெல்லப் போங்க, சின்னய்யா!" என்று பக்கத்தில் அமர்ந்திருந்த கருப்பண்ணன் கெஞ்சினார்.

கார் புளியமரத்தில் மோதி இடப்பக்கம் நசுங்கியது. தம்பிக்கும், பின்னால் இருந்த எனக்கும் சிராய்ப்புதான். கருப்பண்ணனுக்கு இடக்கை முறிந்தது.

கம்பெனி அதிகாரி விசாரிக்க வந்தபோது, தந்தையார் சொல்லிவைத்தபடி கருப்பண்ணன், "நாந்தானுங்க ஓட்டுனேன்" என்றார்.

அதிகாரி காரைச் சுற்றி வந்தார். "ஸ்டீரிங் வலப்பக்கம் இருக்குது. உனக்கு இடக்கை எப்படி ஒடிஞ்சுது? பொய்யின்னா லைசென்ஸே போயிரும், பாத்துக்க."

கருப்பண்ணன் முறிந்த கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"தம்பிதானுங்க ஓட்டுனது" என்றேன் நான்.

"அம்மணி, நீ உள்ள போ!" என்றார் தந்தையார். நான் போகவில்லை.

இழப்பீடு கிடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு பம்பாய் போன தம்பி திரும்பவில்லை, தந்தையாரும் காலமானார். இப்போது ஏஜெண்டு கேட்டால், என் பிள்ளைகளின் வயதையும் நானே சொல்லிவிடுகிறேன். அன்று காரில் இருந்தவர்களில், இந்த வீட்டில் நானும் கருப்பண்ணனும் இருக்கிறோம்.