மீனுக்குச் சீக்கு, குளியல் எனக்கு

என் முதலாளி வீடு மாறியபோது தன் கடல்மீன் தொட்டியை எங்களுக்குக் கொடுத்தார். உள்ளே கொஞ்சம் பாறை, ஒரு சிவப்பு இறால், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. இந்த மீனில் பெரியதுதான் பெண். வந்த அன்றைக்கே என் மனைவி, "பெருசு நான், சின்னது நீங்க" என்று பங்கு பிரித்துவிட்டாள். பெரியதன் வாலைப் பிடித்துக்கொண்டே திரிந்த சின்னதைப் பார்த்தேன். பங்கு சரியாகத்தான் இருந்தது.

எனக்கு விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. சாயங்காலம் காது மடலில்கூட அலுமினியப் பொடி மின்னும். ஒருநாள் பெரிய மீன் மேல் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த மூளை உடனே கண்டுபிடித்தது: தீனி போடும்போது என் கைப்பொடி உதிர்ந்திருக்கிறது. அதனால் மீனைக் குணமாக்க நான் குளித்தேன். காலையில் ஒரு தடவை, கம்பெனி விட்டு வந்து இரண்டு தடவை.

"சீக்கு மீனுக்கு. குளிக்கிறது நீங்களா?" என்று மனைவி சிரித்தாள்.

நாலாம் நாள் பொட்டு ஒன்றுகூட இல்லை. சோப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். அடுத்த மூன்றே நாளில் இரண்டு மடங்காக வந்துவிட்டது. மீன் பாறையில் உடம்பைத் தேய்த்தது, செவுள் படபடவென்று அடித்தது, தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கிண்டல் செய்வதை என் மனைவி நிறுத்திவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அன்று அவள் அச்சாபீஸ் வேலைக்குச் சாப்பிடாமல் போனாள்.

சிவகாசியில் மீன் விற்கும் பாயிடம் ஓடினேன்.

"மாவு தூவுன மாதிரி இருக்கா, உப்புக்கல்லு ஒட்டுன மாதிரியா?"

"உப்புக்கல்லு மாதிரிதான் பாய்."

"வெள்ளைப்புள்ளிண்ணே. பூச்சி. தானா கீழ உதுரும், சரியாயிருச்சுன்னு நினைப்பீக. தரையில கிடந்து பெருகி அம்புட்டும் திரும்ப ஏறும்."

சோப்புக் கதையைச் சொல்லவேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் அடுத்து மருந்து 'காப்பர்' என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது எங்க கம்பெனியிலயே இருக்கு பாய். நீல வெளிச்சத்துக்குப் போடுவாக. ஒரு கை அள்ளிட்டு வந்து..."

"ஏண்ணே, மீனை வளக்கணுமா, வானத்துல வெடிக்கணுமா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பாய் மீனுக்கென்றே உள்ள காப்பர் பாட்டிலும், தண்ணீரைச் சோதிக்கிற சாமானும் கொடுத்தார். "ரெண்டு மீனையும் தனித் தொட்டிக்கு மாத்துங்க. பெரிய தொட்டியில ஒரு சொட்டு விட்டாலும் இறாலு காலி. தனித் தொட்டியில மருந்து கொறைஞ்சா பூச்சி பொழைக்கும், கூடுனா மீனு போயிரும். தினமும் பாக்கணும், ஒரு மாசம்."

சோதனை என்பது இதுதான்: சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து சோதனை மருந்து விட்டால் நீலமாகும். எந்த நீலம் என்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். எனக்கு எல்லாம் ஒரே நீலம்.

"கொறைச்சலா இருக்கு, இன்னும் நாலு சொட்டு விடுவோம்" என்றேன்.

மனைவி குழாயைப் பிடுங்கினாள். பட்டாசு லேபிள் அச்சாகும்போது மை சரியா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. "டியூப்லைட்டுல கலர் பாத்தா லோடு பூரா திரும்பி வந்துரும்" என்று வாசலுக்குப் போனாள். வெள்ளைத்தாளைப் பின்னால் வைத்து, வெயிலில் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு. ஒரு சொட்டு விட்டீகன்னாலும் கையை ஒடிச்சுருவேன்."

அதன்பிறகு மருந்து பாட்டில் என் கைக்கு வரவேயில்லை. வாளி தூக்குவதும், உப்பு கலக்குவதும், திட்டு வாங்குவதும் என் இலாகா. அடுப்படியில் பாதி இடத்தைத் தனித் தொட்டி பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் காலை, வழக்கம்போல வீணாகத்தான் போகும் என்று கடையில் வாங்கிய இறாலில் ஒரு துணுக்கு போட்டேன். பெரிய மீன் சாய்ந்து ஒரு கண்ணால் பார்த்தது. அப்புறம் லபக்கென்று கவ்வியது. "ஏய், தின்னுருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று வந்துவிட்டார்கள். மனைவி வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். இரண்டாவது துணுக்கை அவளே போட்டாள். மூன்றாவதையும். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, "எனக்கும் பசிக்குது, ரெண்டு தோசை ஊத்துங்க" என்றாள்.

நான் ஊற்றிய தோசை கல்லைவிட்டு வரவில்லை. சுரண்டிக் கொடுத்தேன். ஒரு சொல் திட்டாமல் நாலு தின்றாள்.