பால் வராத செடி

வில்மா ஹேவர்காம்ப் அயோவாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். ஓய்வு பெற்றதும் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டு முன்னால் இருக்கும் சாலையோரப் பள்ளத்தில் பால்செடி வளர வேண்டும், அதைத் தின்ன மொனார்க் பட்டாம்பூச்சியின் புழுக்கள் வர வேண்டும். அந்தப் புழுவுக்கு வேறு எந்த இலையும் தொண்டையில் இறங்காது.

சாலையோரப் புல்லை வெட்டுகிற கெரிட், அவள் கணவனின் தம்பி. "இந்தக் கோடையிலும் புழு வரலேன்னா வெட்டிருவேன். மேல இருக்கறவங்க என்னைப் போட்டு வறுத்தெடுக்குறாங்க," என்று கறாராகச் சொல்லியிருந்தான்.

பால்செடியைக் கண்டுபிடிக்க அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே வழிதான். இலையைக் கிள்ளு, பால் வந்தால் வை, வராவிட்டால் பிடுங்கு. வெள்ளைப் பூவோடு புதராய் நின்றவை கிள்ளியதுமே பாலாய்ச் சொட்டின. அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று, குட்டையாய் ஆரஞ்சு நிறத்தில் பூத்த, சொட்டுப் பால்கூட இல்லாத செடிகளை வருஷா வருஷம் தோண்டி எறிந்தாள். வேர் ஆழத்தில் கிடந்து அவள் இடுப்பை ஒடித்தது.

புழு வந்தபாடில்லை. தினமும் குனிந்து இலை இலையாகப் புரட்டினாள். ஒரு கடிகூட இல்லை. "என்ன எழவுக்கு இவ்ளோ பாலைச் சுரக்குறீங்க?" என்று செடிகளைத் திட்டித் தீர்த்தாள்.

கெரிட் டிராக்டரோடு வந்து நின்றான். "என்ன வில்மா, விருந்தாளி வந்தாச்சா?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாத. இன்னும் ரெண்டு நாள் பொறு."

"போன வருஷமும் இதே பாட்டுதான்!"

ஆத்திரத்தில், வேலியோரம் குவித்திருந்த செடிக் குப்பையைக் காலால் எத்தினாள். வாடிய ஆரஞ்சுப் பூக்களுக்கு நடுவே எதுவோ நெளிந்தது. மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாய் வரிவரியாக ஒரு புழு. வில்மா மண்டியிட்டு அதைக் கிட்டே பார்த்தாள்.

"கெரிட், பாலே வராத செடியில இது எப்படி?"

அவன் இறங்கி வந்து உற்றுப் பார்த்தான். "அப்ப இதுதான் நிஜமான பால்செடி, அந்த வெள்ளைப் பூ வேற ஏதோ. பாலைப் பாத்து நாம ஏமாந்திருக்கோம்." பிறகு சிரித்தான். "சரி, புழு வந்தாச்சு, நான் வெட்டல. அதை ஒரு நல்ல செடியாப் பாத்து விடு."

வில்மா புழுவை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு பள்ளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். எங்கும் வெள்ளைப் பூதான்.

"ஒண்ணு கூடவா மிச்சமில்ல?"

"இல்ல," என்றாள். "கடைசிச் செடியை நேத்துதான் பிடுங்கினேன்."