எண்ணெய்த் துளை

நான் செய்த தவறுக்காக ஒரு பெண்ணுக்கு வேலை போனது. அப்போது நான் வாய் திறக்கவில்லை.

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் வரைபடப் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். பழைய வரைபடங்கள் ஸ்கேன் ஆகி மங்கலாக, தூசிப் புள்ளிகளோடு வரும். அவற்றைக் கணினியில் தெளிவாக்குவது அவள் வேலை. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. எந்தப் புள்ளியையும் அழிக்கும் முன் முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்ப்பாள்.

"சார், இது தூசியா ஓட்டையானு தெரியலீங்க. ஒரிஜினலைப் பாத்துப்போட்டு வாரேனுங்க."

பட்டறையில் படத்துக்குக் காத்திருந்தார்கள். "புள்ளி புள்ளியாப் பாத்தா பொழுது போயிரும் அம்மணி. எல்லாத்தையும் ஒரேயடியா அழிச்சுப்போடு" என்றேன்.

தயங்கினாள். என் பேச்சை மீற முடியாமல் அழித்தாள். படம் பளிச்சென்று ஆனது. தூசியோடு எண்ணெய் போகும் துளையும் போயிருந்தது. துளையில்லாமல் செய்த பம்புகள் சூடேறி, சுற்றாமல் இறுகித் திரும்பி வந்தன.

"யாரு அழிச்சது?" என்றார் முதலாளி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"நானுங்க" என்றாள். அன்றே நிறுத்திவிட்டார்கள்.

தூக்கம் கெட்டு, பிறகொரு நாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "அட விடுங்க, அந்தப் புள்ளதான் போயாச்சே" என்று சிரித்தார். பெருந்துறையில் ஒரு மில் அலுவலகத்தில் அவளைக் கண்டுபிடித்து, முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களை நிறுத்திப்போட்டாங்களா சார்?"

"இல்லம்மா."

"செரிங்க" என்றவள், முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஓய்வு பெறும்வரை நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. எனக்கும் துணிவு வரவில்லை.