பஜார் தெருவில் வண்டி ஓடாத பத்து நாள்

எங்கள் பஜார் தெருவை நான் பிளவுஸ் அளவெடுக்கிற டேப்பால் அளந்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பேரூராட்சியிலிருந்து வந்த இன்ஜினியர் பெண் கையில் ஏதோ சிவப்பு விளக்கு அடிக்கிற கருவி இருந்தது. பட்டப்பகல் வெயிலில் அந்த விளக்கு எங்கே விழுகிறது என்று அவருக்கே தெரியவில்லை. என் தையல் கடை வாசலில் நின்று அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "இன்னா மேடம், இது வேணுமா?" என்று கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நீட்டினேன். அடுத்த பத்தாவது நிமிஷம் இரண்டு பேரும் நடுரோட்டில் குனிந்து அளந்துகொண்டிருந்தோம். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைப்படி, நிறுத்திய பைக், பழ வண்டி எல்லாம் போக ஆள் நடக்க மிச்சமிருந்த இடம் என் டேப்பில் பாதிகூட வரவில்லை.

"இந்தத் தெருவுல வண்டியே வராம பண்ணிட்டா எப்படி இருக்கும்க்கா?" என்றார் அவர், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என்ன கேட்டார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் இந்தத் தெருவுக்கு ஒரு முனை ரயில்வே ஸ்டேஷன், மறுமுனை பஸ் ஸ்டாண்ட். நட்டநடுவில் கீழே என் கடை, மேலே எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவர். ஹைவேயில் ஒரு லாரி இடித்து அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தியாயிற்று. கம்பெனியிலும் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள்: டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகை எழுதுகிற வேலை இருக்கிறது, மற்றவர்களைப் போல வேனில் வந்துபோக முடிந்தால் போதும் என்று. அந்த வேன் நிற்பது எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், மெடிக்கல் ஷாப் வாசலில். இருபது தப்படி இருக்காது. வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், பாதித் தெரு தாண்டியிருப்பார், ஷேர் ஆட்டோவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பைக் புகுந்தது. கைத்தடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தெருவே பார்த்தது. தூக்கிவிட வந்த கைகளையெல்லாம் தட்டிவிட்டு மாடியேறியவர், காலைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அது நடந்து ஒன்றரை வருஷம். ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை. மாடி வராந்தாவில் உட்கார்ந்து தெருவை முறைத்துக்கொண்டிருப்பார். நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், மூன்று நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். நாலாம் நாள் நானே போய்ப் பேசிவிட்டேன். போதாக்குறைக்குக் கம்பெனியிலிருந்து போன் வேறு: இந்த மாதக் கடைசிக்குள் வரவில்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள்.

அதனால் இன்ஜினியர் மேடம், "முதல்ல பத்து நாள் சோதனை பண்ணிப் பார்க்கலாம், கடைக்காரங்க ஒத்துக்கணும்" என்றபோது, அந்த வேலையை நானே தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். சரக்கு வண்டி விடியற்காலைக்குள் இறக்கிவிட்டுப் போகவேண்டும், ரோட்டுக்கு நீட்டிய கடைப்படியை உடைத்துக்கொள்ளவேண்டும், பைக் எல்லாம் சந்தை மைதானத்தில், ஷேர் ஆட்டோவும் கம்பெனி வேனும் பஸ் ஸ்டாண்ட் முனையோடு சரி. ஜூஸ் கடைக்காரர்தான் மல்லுக்கு நின்றார்.

"பைக்கு வர்லன்னா நான் ஈ ஓட்டிகினு குந்தினுருக்கணும்."

"இப்ப மட்டும் இன்னா, பைக்க உன் கடைக்குள்ள வுட்டுகினா ஜூஸ் குடிக்கிறான்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தவர் படியைக் குறை சொல்லிவிட்டு என் படி ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கலாமா? மேஸ்திரியைக் கூப்பிட்டு முதலில் என் கடைப்படியை உடைத்தேன். அந்தச் சத்தத்துக்கே நாலு கடைக்காரர்கள் வழிக்கு வந்தார்கள்.

வராத ஆள் என் மாடியிலேயே இருந்தார்.

"வேனு எதுர்ல வந்து நின்னப்பவே போவல. இப்ப பஸ் ஸ்டாண்டு வரிக்கும் நடப்பேனாமே? உனுக்கு ஏன் இந்த பேஜாரு?"

சுருக்கென்று இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது தப்படி போகாதவர் முந்நூறு தப்படி எப்படிப் போவார் என்று தெருவிலும் கேட்டார்கள். ஆனால் அவரை விழத்தட்டியது தூரம் இல்லையே! அதைச் சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடிய தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் நாள் காலை தெருவின் இரண்டு முனையிலும் மஞ்சள் பெயிண்ட் அடித்த டிரம்களை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு அரளிச் செடி. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பது என் கடை வரைக்கும் கேட்டது. எதிர்க்கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே என்னோடு பேசினார், நான் மிஷினில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னேன், இரண்டு பேரும் கத்தவில்லை. எங்கள் தெருவுக்கு இத்தனை அகலமா என்று எல்லாரும் கையை விரித்து விரித்துப் பார்த்தார்கள். ரயிலிலிருந்து இறங்கி வந்த கம்பெனி ஆட்கள் நடுரோட்டிலேயே பேப்பர் விரித்து உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டார்கள். பூரிக் கிழங்கு வாசனையில் தெரு மிதந்தது. நான் வேலையைப் போட்டுவிட்டு ஸ்டேஷன் முனைக்கும் பஸ் ஸ்டாண்ட் முனைக்கும் மூன்று தடவை காரணமில்லாமல் நடந்தேன்.

அந்தச் சந்தோஷம் ஏழரை மணி வரைதான். அவ்வளவு பேரும் வேனைக் கோட்டை விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கம்பெனி ஆட்களும் வேனுக்காக நிற்கிற இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். ஜூஸ் கடை ஒரு பாயிண்ட், பேக்கரி ஒரு பாயிண்ட், மெடிக்கல் ஷாப் ஒரு பாயிண்ட். இனி வேன் பஸ் ஸ்டாண்ட் முனையில்தான் நிற்கும் என்று நோட்டீஸ் அடித்து, மூன்று பாயிண்ட்டிலும் என் கையாலேயே ஒட்டியிருந்தேன். படித்தார்கள், தலையாட்டினார்கள், பிறகு அந்த நோட்டீஸ் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்கள். பாயிண்ட்டில் நின்றால் வேன் வந்தாக வேண்டும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். வேன்களோ அந்த முனையில் ஹாரன் அடித்து ஓய்ந்து, காலியாகப் போய்விட்டன.

"இன்னாக்கா உன் ரோடு! எல்லாருக்கும் லேட்டு போட்டுட்டான்" என்று சாயங்காலம் என் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். இன்ஜினியர் மேடம் முகம் வாடிப்போயிற்று. "நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா டிரம்மை எடுத்துடச் சொல்லிட்டாங்கக்கா" என்றார்.

மாடிக்குப் போனால் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"நோட்டீஸ் ஒட்னாளாம் நோட்டீஸ்! பாயிண்ட்டுல கீறவன் நோட்டீஸையா பாப்பான்? மொத ஆள பாப்பான். மொத ஆளு நவுந்தாதான் பின்னால கீறவன் நவுருவான். மொத ஆள புடிமே."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பாயிண்ட்டிலும் பழைய ஆள்தான் வரிசையில் முதலில் நிற்பார். வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட் அவருக்கு. அவர் ஏறாமல் ஒருவரும் ஏற மாட்டார்கள். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் காகிதத்தை நம்பியிருக்கிறேன்.

அப்போதே கிளம்பிப்போய் ஜூஸ் கடை முதல் ஆளையும் பேக்கரி முதல் ஆளையும் பிடித்துப் பேசிவிட்டேன். மெடிக்கல் ஷாப் பாயிண்ட்டில்தான் சிக்கல். விபத்து நடக்கும் வரை அங்கே முதல் ஆள் என் வீட்டுக்காரர்தான். அவர் வராமல் போன பிறகு அந்த இடம் யாருக்கு என்று மூன்று பேருக்குள் இன்னும் தீரவில்லை. வேன் காலடியிலேயே வந்து நின்ற வரைக்கும் முண்டியடித்து ஏறி ஒப்பேற்றியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜூஸ் கடை வரிசை நகர்ந்தது. அதன் பின்னாலேயே பேக்கரி வரிசை. நடுத்தெருவில் கல்யாண ஊர்வலம் மாதிரி அவர்கள் நடந்து போனதைப் பார்த்து நான் கை தட்டியேவிட்டேன். மெடிக்கல் ஷாப் வரிசை மட்டும் அசையவில்லை. முப்பது பேர் நிற்கிறார்கள், முன்னால் மூன்று பேர் சண்டை போடுகிறார்கள்.

"நான்தான் சீனியரு, என் பின்னால வா."

"நீ எந்த ஊரு சீனியரு?"

ஏழு இருபதுக்கு வேன் எடுத்துவிடுவான். மேடம் டிரம் பக்கத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் கத்துகிறேன். "நீ சும்மா இரு அக்கா" என்று என்னைத் தள்ளி நிறுத்துகிறார்கள். அப்போது மேலேயிருந்து ஒரு குரல்.

"டேய்! நவுருங்கடா!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்று பேரில் ஒருவர், "நைனா, யாரு மொதல்ல போறதுன்னு நீயே சொல்லு" என்றார்.

வராந்தாவில் ஆளைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சில நிமிஷம் கழித்து மாடிப்படியில் டக், டக் என்று சத்தம். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மேலே அயர்ன் பண்ணிய சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி, கைலிக்கு அடியில் அந்தக் கால். கைத்தடியை ஊன்றித் தெருவில் இறங்கினார். நடுத்தெருவில் ஒரு விநாடி நின்று வலது பக்கம் பார்த்தார். பைக் வந்த பக்கம். அங்கே ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது.

வரிசைக்கு முன்னால் போய் நின்றார். சண்டை போட்ட மூன்று பேரும் பின்னால் போனார்கள்.

"நடங்கடா" என்றார்.

அவர் மெதுவாகத்தான் நடந்தார். முதல் ஆளை யாரும் முந்தக் கூடாது, அது பாயிண்ட் வழக்கம். அதனால் முப்பது பேரும் அவர் வேகத்துக்கே நடந்தார்கள். வேன் எடுத்துவிடப் போகிறான் என்று பயந்து நான் ஓடிப்போய் டிரைவர் ஜன்னலைப் பிடித்துத் தொங்கினேன். அவர்கள் வந்து சேர்ந்தார்கள். இனி ஒதுங்கி நின்று மற்றவர்களை ஏறச் சொல்லுவார், வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று நான் நிற்கிறேன், மனிதர் கம்பியைப் பிடித்து ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்! மற்றவர்கள் ஏறினார்கள். கதவு மூடியது. வேன் போயே போய்விட்டது.

நான் நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதேன். மேடம் பயந்துபோய் என் தோளைப் பிடித்தார். "ஒண்ணும் இல்ல மேடம், சந்தோஷம்தான்" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"பேன்ட்டு ஒண்ணு குடுத்தனுப்புமே. கேட்டுல கைலியோட உள்ள வுட மாட்றான். சீக்கிரம், எல்லாரும் சிரிக்கிறான்."

ஷேர் ஆட்டோ பிடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட் பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "சாயங்காலம் பஸ் ஸ்டாண்டாண்ட வந்து நிக்காத. நானே வந்துருவேன்."

நான் போகவில்லை. அன்றைக்கு வெட்டிய இரண்டு பிளவுஸும் பாழ். ஐந்தரை மணிக்குத் தெருவில் கூட்டம் நிறைந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் அவர் தலை தெரிந்தது. நான் மிஷினைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கைத்தடிச் சத்தம் கிட்டே வந்தது, கடை வாசலுக்கு வந்தது, தாண்டியும் போனது. தலையைத் தூக்கினால் மாடிப்படியையும் விட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறார்.

வாசலுக்கு ஓடி வந்து கத்தினேன். "யோவ், ஊடு இங்க கீது! எங்க போற?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைத்தடியை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"சும்மா."