ரோஷன் பீ சுரண்டிய கோடுகள்

செஞ்சிக் கடைத்தெருவில் ஜகபர் அலியின் ஸ்டூடியோவில் படம் எடுப்பது அவர். ஆளை அழகாக்குவது அவர் மனைவி ரோஷன் பீ. இரண்டாவது விஷயம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பின்கட்டு அறையில், அடியில் பல்பு எரிகிற தேய்த்த கண்ணாடி மேல் நெகட்டிவை வைத்து, பென்சிலாலும் பிளேடு முனையாலும் டச்சிங் செய்வாள். மணப்பெண்ணின் கழுத்து மடிப்பு, மாப்பிள்ளையின் நெற்றிப் பளபளப்பு எதுவும் அவளிடம் தப்பாது. யாரையும் கேட்டுச் செய்கிற வழக்கம் கிடையாது. "மூஞ்சில இருக்கிறத கேட்டுக்கினா எடுப்பாங்க?" என்பாள். நாற்பது வயதில் அவ்வளவு திமிர். வேலை சுத்தமாக இருந்ததால் அது செல்லுபடியும் ஆனது.

1989இல் சிங்கவரத்திலிருந்து தாண்டவராயன் வந்தான். கூலி வேலை செய்கிறவர் மகன், டிப்ளமா முடித்தவன். மதராஸில் கம்ப்யூட்டரில் வரையும் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், மொத்தமே பத்து இடம். சொந்தமாக வரைந்த ஒரு பொருளைத் திரையிலிருந்து தெளிவாகப் படம் பிடித்து, நான்கு படங்களை விண்ணப்பத்தோடு தர வேண்டும். வரைந்ததைப் பதிந்த பிளாப்பியை நேர்காணலுக்குக் கொண்டுவந்தால் போதும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர் ஒரு மாத வாடகைக்கு எடுத்திருந்த கம்ப்யூட்டரில் அவன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மிஷின் ஒன்றை வரைந்து முடித்திருந்தான். வியாழக்கிழமை கம்ப்யூட்டர் திரும்பப் போகிறது. இடம் கிடைக்காவிட்டால் நைனாவோடு செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான்.

ஜகபர் அலி முதலில் கல்யாணத்துக்கு எடுப்பதுபோல ஃபிளாஷ் போட்டு எடுத்தார். கண்ணாடியில் அடித்த வெளிச்சம் மட்டும் படத்தில் விழுந்தது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தார். குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை. அந்தத் திரை ஒரே வீச்சில் எரிவதில்லை, மேலிருந்து கீழாக எரிந்து வருகிறது என்பதை இரண்டு ரோல் வீணாக்கித் தானாகவே கண்டுபிடித்தார். புதன்கிழமை ஜன்னலை அடைத்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, திரைக்கும் லென்ஸுக்கும் நடுவே கறுப்புத் துணியைக் கூடாரமாகப் போட்டு, ஒரு விநாடி திறந்து மூடினார். நான்கு படமும் துல்லியமாக விழுந்தன. மனிதர் அன்று யாரைப் பார்த்தாலும் அந்த ஒரு விநாடியைப் பற்றியே பேசினார்.

கம்ப்யூட்டர் வேனில் ஏறிப் போயிற்று. நெகட்டிவ்கள் வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போயின. யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ரோஷன் பீ கண்ணுக்கு அது ஒரே அலங்கோலமாகத் தெரிந்தது. கம்பியால் கட்டிய கூண்டு மாதிரி, முன்தகட்டின் வழியாகவே பின்பக்கமும் உள்ளே இருக்கிற உருளையும் சல்லடையும் தெரிந்தன. தகரப் பெட்டிக்குள் இருப்பது வெளியே தெரியுமா? கீறல் என்று முடிவு கட்டினாள். திரையில் வெள்ளையாக இருந்த கோடு நெகட்டிவில் கறுப்பு, சுரண்டினால் போய்விடும். எது முன்னால், எது பின்னால் என்று ஒவ்வொரு கோடாக யோசித்து, இரண்டு பகல் குனிந்து உட்கார்ந்து, பின்னால் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை பிரிண்டைப் பார்த்ததும் தாண்டவராயன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"உள்ள இருந்த கோடெல்லாம் எங்க பாய்?"

"இன்னா கோடு? கீறலா இருந்துச்சி, சுத்தம் பண்ணிட்டேன்" என்று உள்ளேயிருந்து வந்தாள் ரோஷன் பீ.

"கீறல் இல்லக்கா. அதான் மிஷினே. இப்ப வெறும் டப்பாவா இருக்குது."

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்க்கா."

சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, திங்கட்கிழமை கடைசி நாள். ஒரு பிள்ளையின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் படங்களையே எடுத்துக்கொண்டு அவன் மதராஸ் பஸ் ஏறினான்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து நேராக ஸ்டூடியோவுக்கு வந்தான். அதிகாரி படங்களைப் பார்த்து, பின்கோடுகளை மறைக்க எந்தக் கட்டளை கொடுத்தாய் என்று கேட்டாராம். அப்படியொரு கட்டளை இருப்பதே இவனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டியிருக்கலாம், ஆட்டவில்லை. "செஞ்சில ரோஷன் பீன்னு ஒரு அக்கா பிளேடால சுரண்டுனாங்க சார்" என்றான். அவர் நம்பவில்லை. பிளாப்பியைப் போட்டு அந்தக் கட்டளையைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு கோடுகளை மறைத்தது. படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு கோடாக ஒப்பிட்டார். அதற்குள் மிஷினைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் இவன் பதில் சொல்லிவிட்டான். இடம் கொடுத்தார். நான்கு படங்களின் பின்னாலும் ரோஷன் பீ, செஞ்சி என்று எழுதி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

"என் பேரையா எழுதுனாங்க?"

"ஆமாங்க்கா."

அவள் முகம் மலர்ந்ததை ஜகபர் அலியே அப்போதுதான் பார்த்தார். "கோடெல்லாம் சரியா இருந்துச்சா?" என்றாள்.

தாண்டவராயன் தயங்கினான். "ஒண்ணே ஒண்ணுதான். மிஷினோட நாலாவது காலு. பின்னால இருந்தாலும் கீழ சந்துல தெரியணும். மூணாவது படத்துல அதையும் எடுத்துட்டீங்க."

"அந்தப் படத்த வாங்கிக்கினு வா தம்பி."

"ஃபைல்ல போட்டுட்டாங்கக்கா. இனிமே தர மாட்டாங்க."

அவனுக்கு இடம் கிடைத்ததில் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் மதராஸில் ஏதோ ஒரு ஆபீசில், மூன்று காலில் நிற்கிற மிஷின் ஒன்று தன் பெயரோடு இருக்கிறது என்பதை ரோஷன் பீயால் தாங்கவே முடியவில்லை.