மைற்றோகொண்ட்ரியா கீறிய மெக்கானிக்

என் மகனுக்கு ஓட்டிசம் என்று தெரிந்த வாரம், ஸ்காபரோவில் ஒரு சிறுவர் கிளினிக்கில் அவரைச் சந்தித்தேன். நகங்களில் கிறீஸ் படிந்த கார் மெக்கானிக்; அவருடைய மகளுக்கும் ஓட்டிசம். பக்கத்தில் யார் இருந்தாலும் கடதாசியில் மைற்றோகொண்ட்ரியா கீறி விளக்குவார்.

“இது கலத்தின்ர பற்றறி. நோயெதிர்ப்பு எண்டுறது காவல் நாய். சிலவேளை வீட்டுக்காரரையே கடிக்கும்.”

“அப்ப ஓட்டிசம் உதாலதானோ?” என்றேன்.

“தொடர்பிருக்கலாமாம், தேடுகினம். டொக்டர்மாருக்கே இன்னும் வடிவாத் தெரியாது அண்ணை. என்ர மனிசியின்ர அம்மாவுக்கு மட்டும் காரணம் தெரியும். நான்தான்.”

அந்த வாரத்தில் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தேன்.

தாதி கூப்பிட்டதும் அவருடைய மகள் காதுகளைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் சம்மணமிட்டு, தாதியிடம் “ரெண்டு நிமிசம்” என்றார். இருபது நிமிடம் இருந்தார்கள். அந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.